சூடேறுவதற்கு முன் பார்த்த அழுத்தம்

ஒரு மனிதர் பொய் சொல்கிறார் என்று இருநூறு பேருக்கு முன்னால் நான் நிரூபித்துக் காட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை. அன்று காலையே எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. இரண்டு வாரத்தில் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நாட்கள் முழுவதும் அவர் அடிபட்ட கையோடு மலைச்சரிவில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு எண்பது கடந்துவிட்டது. படிப்பவர்களுக்கு இது ஓர் எண்ணெய்ப் பம்பைப் பற்றிய விஷயமாகத்தான் தோன்றும். பம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நுவரெலியாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலையை ஒட்டியிருந்த பட்டறைக்கு நான் பொறுப்பாளன். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர்களோடு வாழ்ந்து முடித்தவர். நான் ஹட்டனில் பள்ளிப் படிப்பு, கொழும்பில் இரண்டு வருடம் இயந்திரப் படிப்பு என்று போய்விட்டுத் திரும்பியபோது எனக்கு லயத்து அறை இல்லை, உத்தியோகத்தர் வரிசையில் ஒரு வீடு கிடைத்தது. அப்பாவின் தோள்மேல் கை போட்டுப் பேசியவர்கள் என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்டார்கள்.

டிராக்டர் டிரைவர் மட்டும் இரண்டு விதமாகக் கூப்பிடுவார். நாலு பேர் இருந்தால் ஐயா. பட்டறைக்குள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தம்பி. அப்பாவோடு ஒரே இடத்தில் வேலை பார்த்துவிட்டு டிராக்டருக்கு மாறியவர் அவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நானும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் லயங்களிலிருந்து டிரைவரான முதல் ஆள் அவர்தான். காக்கிக் காற்சட்டை போட்டுக்கொண்டு, தலையில் ஒரு கம்பளித் தொப்பியோடு, கொழுந்து மூட்டைகள் நிறைந்த டிரெயிலரை இழுத்துக்கொண்டு அவர் வளைவுகளில் இறங்கிவருவதைப் பார்க்க, லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி நிற்பார்கள்.

பழைய டிராக்டர் தேய்ந்து போனதும் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று விற்க வைத்திருந்த டிராக்டரைப் பார்த்துவர, தோட்டத்தை நிர்வகித்த துரை என்னைத்தான் அனுப்பினார். விடியற்காலையில் போனேன். அது ஸ்டியரிங்குக்கு எண்ணெய் உதவி செய்கிற வகை. எஞ்சினால் சுற்றும் ஒரு சின்னப் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்பும். அந்த அழுத்தம் முன்சக்கரங்களைத் தள்ளித் திருப்பும். ஓட்டுகிறவர் வழி காட்டினால் போதும். நான் அதுவரை புத்தகத்தில் மட்டுமே பார்த்தது. ஒரு விரலால் திருப்பினேன், சக்கரம் திரும்பியது. அதிலேயே மயங்கிப்போனேன். வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அது முதல் தவறு. ஆனால் அதைத் தவறு என்று மட்டும் சொல்லலாம், குற்றம் என்று சொல்ல முடியாது.

வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். டிரைவர் அண்ணன் பட்டறைக்குள் வந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டினார்.

“தம்பி, காலையில இது கைக்கொழந்த மாதிரி சொன்னபடி கேக்குது. பத்து மணிக்கு மேல மாமியாரா மாறிருது.”

நான் சிரித்தேன். எண்ணெய் மட்டத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. குழாய்களில் கசிவு இல்லை. எண்ணெயில் நுரை இல்லை. நுரை இருந்தால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். பம்பைச் சுற்றும் பட்டையும் இறுக்கமாகவே இருந்தது. பழைய டிராக்டரில் முறுக்கிப் பழகிய கை, இதற்குப் பழக நாளாகும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் மறுபடியும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள், பின்னேரக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு மூன்றாம் டிவிசனிலிருந்து இறங்கும்போது ஓடைக்கு மேலேயுள்ள வளைவில் டிராக்டர் திரும்பவில்லை. முன்சக்கரம் பாதையோரத்து நீர்க்கானுக்குள் இறங்க, டிரெயிலர் சாய்ந்து கொழுந்து மூட்டைகள் ஓடையில் விழுந்தன. யாரும் சாகவில்லை. ஸ்டியரிங் சட்டென்று எதிர்ப்பக்கம் சுழன்றதில் டிரைவர் அண்ணனின் வலது மணிக்கட்டு புரண்டுவிட்டது. கொழுந்து பறித்த பெண்களே சேற்றில் இறங்கி, அள்ள முடிந்ததை அள்ளினார்கள்.

துரை அன்று மாலை என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். பழுது டிராக்டரிலா, ஆளிலா? நாளைக் காலைப் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் சோதித்துச் சொல் என்றார். பெரட்டு என்பது விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். எங்கள் தோட்டத்தில் முறைப்பாடு, தண்டனை, விடுமுறை எல்லாம் அங்கேதான் முடிவாகும். துரை அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார். எந்த இயந்திரத்தின் குறையையும் அந்தக் குளிரில்தான் கேட்போம், அந்தக் குளிரில்தான் பார்ப்போம். வேறு மாதிரிச் செய்யலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அன்று மாலை டிராக்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி நடுவில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்த வேண்டும். கேஜுக்கு அப்பால் ஒரு திருகு குழாய் வைக்க வேண்டும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்தால் முள் இந்த அளவுக்கு ஏற வேண்டும். எல்லாம் எழுதியிருந்தது. அதற்கு முதல் வரியில், எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகே சோதிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை நான் படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போனது அந்த வரியால்தான்.

காலையில் புல் வெளுத்துப் போகும் அளவுக்குப் பனி. பெரட்டுக் களத்துக்கு டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்திக் கேஜைப் பொருத்தினேன். புத்தகம் சொன்ன இடத்தில் கேஜின் கண்ணாடிமேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். டிரைவர் அண்ணன் துணி சுற்றிய கையோடு ஏறி உட்கார்ந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

“தொப்பிக்குள்ள இருக்கிற மூள கைக்கு எறங்கலயாண்ணே?” என்றான் செடி வெட்டும் கவ்வாத்து ஆட்களில் ஒருவன்.

“கையில வளையல் போட்டு விடுங்க, தன்னால திரும்பும்” என்றாள் ஒரு பெண். முந்திய நாள் ஓடையில் இறங்கிக் கொழுந்து அள்ளியவள் அவள். அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது.

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், கொஞ்ச நேரம் ஓடட்டும் ஐயா, சூடாகட்டும் என்றார். படிக்காத மனிதர். நான் முந்திய மாலையில் ஆங்கிலத்தில் படித்த வரியை அவர் தன் கையால் கண்டுபிடித்து வைத்திருந்தார். துரை கடிகாரத்தைப் பார்த்தார். சூடேற்றினால் முள் இறங்கிவிடுமோ என்ற எண்ணம் அந்தக் கணத்தில் எனக்கு வந்தது. இறங்கினால், வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். “திருப்புங்க” என்றேன்.

இடது கையால் திருப்பினார். முள் ஏறி, சிவப்புக் கோட்டைத் தொட்டு, அசையாமல் நின்றது. துரை குனிந்து பார்த்தார்.

“மிசின் சரி. டைவர் சரி இல்லே. கையி நல்லானா கவ்வாத்து.”

அவ்வளவுதான். ஆட்கள் மலைகளுக்குப் பிரிந்து போனார்கள். டிரைவர் அண்ணன் இறங்கி, சாவியை இருக்கைமேல் வைத்துவிட்டு, லயத்துப் பக்கம் நடந்தார்.

அவருக்குப் பதிலாக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் உறவுக்காரன் ஒருவன் டிரைவரானான். பலமான ஆள், புதிதாகக் கல்யாணமானவன். அவன் எந்தக் குறையும் சொல்லவில்லை. குறை சொன்னவருக்கு என்ன நடந்தது என்று பார்த்தவன் எப்படிச் சொல்வான்? இரண்டு வாரம் கழித்து அவனுக்குக் காய்ச்சல். மத்தியானக் கொழுந்தை எடுத்துவர வேறு ஆள் இல்லாமல் நானே டிராக்டரில் ஏறினேன். கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் போய் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது முதல் வளைவிலேயே ஸ்டியரிங் கல்லாக இருந்தது. இருக்கையை விட்டு எழுந்து நின்று, உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் திருப்பினேன். ஓடைக்கு மேலுள்ள வளைவுக்கு வந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. அன்று நல்ல குளிர்.

பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய் ஆறுவதற்கு முன்பே கேஜைப் பொருத்தினேன். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்தேன். முள் பாதி வழியில் நின்றுவிட்டது. பழுது பம்புக்கு அப்பால் எங்காவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதை அறியத்தான் அந்தத் திருகு குழாய். அதை ஒரு மூச்சு நேரம் மூடினால் எண்ணெய் அப்பால் போகாது. பம்பின் சொந்தப் பலம் மட்டும் தெரியும். மூடினேன். முள் அதே இடத்தில் நின்றது. பம்பில் மிகுதி அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வைக் கழற்றினேன். ஸ்பிரிங் நன்றாக இருந்தது, குண்டு சுத்தமாக உட்கார்ந்தது. மிச்சம் பம்பின் உள்பாகம்தான். திறந்தபோது பற்சக்கரங்கள் உறையை அரைத்து அகலப்படுத்தியிருந்தது தெரிந்தது. குளிரில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அந்த இடைவெளி வழியே நழுவாது. சூடேறி இளகியதும் நழுவிவிடும். காலையில் குழந்தை, பத்து மணிக்கு மேல் மாமியார்.

அன்றே துரையின் பங்களாவுக்கு நடந்திருக்க வேண்டும். கால் மணி நேர நடை. நான் பம்பைத் திரும்பப் பூட்டிவிட்டு, மாதாந்தரச் சாமான் பட்டியலில் கிரீசுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ‘ஸ்டியரிங் பம்பு ஒன்று, வழக்கமான தேய்மானம்’ என்று எழுதினேன். கொழும்பிலிருந்து அது வர ஏழு வாரம் ஆனது. வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது மாற்றினேன். பழைய பம்பைச் சாக்குத் துணியில் சுற்றி அடித்தட்டில் வைத்தேன். ஏன் எறியவில்லை என்று எனக்கே தெரியாது. புது டிரைவர் மறுநாள் வந்து, ஏதோ மந்திரம் போட்டீங்களா ஐயா என்று கேட்டான். டிராக்டரைச் சரியாக்கினேன், மனிதரை அப்படியே விட்டேன். நான் செய்தவற்றில் மிகவும் வெட்கப்படுவது இதற்குத்தான்.

அவரை எப்போதாவது தூரத்தில் பார்ப்பேன். கவ்வாத்து என்றால் செடியை இடுப்புக்குக் கீழே, ஒரே வீச்சில் சரிவாக வெட்ட வேண்டும். முழுக்க மணிக்கட்டு வேலை. வைகாசி மழை பிடித்த பிறகு ஒரு நாள் அவர் பட்டறைக்கு வந்தார். கல்லில் பட்டு வாய் மழுங்கிய கத்திகளைச் சாணை பிடிக்கக் கங்காணி அனுப்பியிருந்தார். கத்திகளை இடது கையில் பிடித்திருந்தார். வலது கை சாக்குப் போர்வைக்குள் இருந்தது.

பட்டறையில் நாங்கள் இருவர்தான். “ஐயா, கத்தி கொண்டாந்தேனுங்க” என்றார்.

நான் சாணைக்கல்லைச் சுற்றினேன். அவர் டிராக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை. பழைய எஞ்சினின் கறுப்புக்கு நடுவில் புதுப் பம்பின் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கல்லைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“பம்பு மாத்திட்டீங்க போல.”

“ஆமாண்ணே.”

“எப்ப?”

சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். பிறகு கல்லை நிறுத்திவிட்டு, மீதியையும் சொன்னேன். புத்தகத்தில் படித்த வரி, மத்தியானம் நானே ஓட்டியது, முள் பாதியில் நின்றது, பட்டியலில் எழுதியது எல்லாவற்றையும். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அவர் சாணைத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கே துரையிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“தொரைகிட்ட தனியா சொல்லி எனக்கு என்னங்க ஆவப்போவுது? பெரட்டுல காட்டுனீங்க. பெரட்டுலயே காட்டுங்க.”

கத்திகளை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்.

“அந்தப் பொம்பள இன்னமும் வளையலு வாங்கிட்டியான்னு கேக்குது. அதுக்கும் தெரியணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பம்பைக் கழற்றி, அடித்தட்டிலிருந்து பழையதை எடுத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டேன். ரேடியேட்டருக்கு முன்னால் கொழுந்துச் சாக்கைப் போட்டு மூடினேன். இடம், வலம், இடம், வலம் என்று முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கையால் தொட முடியாத அளவுக்குக் குழாய் சூடான பிறகு பெரட்டுக்கு ஓட்டிப்போனேன். அந்த முக்கால் மணி நேரத்தை நான் தை மாதத்திலேயே கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

துரை வந்து, என்ன இது என்று கேட்டார். அவரிடம் முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். தை மாதத்தில் இதே இடத்தில் எண்ணெயைச் சூடாக்காமல் காட்டினேன், அப்படிச் செய்யக் கூடாது என்று தெரிந்தே செய்தேன், டிரைவர் சொன்னதுதான் சரி. கேஜில் அதே சிவப்புக் கோடு இருந்தது. டிரைவர் அண்ணனை ஏறித் திருப்பச் சொன்னேன். அவர் ஏறவில்லை.

“நீங்களே திருப்புங்க ஐயா. நாங்க பாக்குறோம்.”

ஏறித் திருப்பினேன். எழுந்து நின்று இழுத்தேன். துரை குனிந்து கேஜைப் பார்த்தார். கங்காணிகள் பார்த்தார்கள். வளையல் சொன்ன பெண் முன்னால் வந்து, குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, முள் எங்கே நிற்க வேண்டும் என்று டிரைவர் அண்ணனிடம் கேட்டாள். அவர் தன் வலது கையை நீட்டிச் சிவப்புக் கோட்டைக் காட்டினார். அப்போதுதான் அந்த மணிக்கட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். எலும்பு ஒரு பக்கமாகத் தள்ளி ஒட்டியிருந்தது. முள் பாதியிலேயே நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அவரைப் பார்த்து, “நான் வாய் தவறிப் பேசிட்டேண்ணே” என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

துரை என்னிடம், இனி உன் எழுத்தை நம்பி எதுவும் வாங்க மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தபோதெல்லாம் வெளியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். டிரைவர் அண்ணனுக்கு அடுத்த வாரமே வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தப் புதுக் கல்யாணக்காரன் கவ்வாத்துக்குப் போனான். அவன் ஒரு தவறும் செய்யவில்லை. பட்டறை வாசலில் நின்று, ஒருத்தனுக்குக் குழி வெட்டி இன்னொருத்தனை இறக்கிட்டீங்க என்றான். லொறிக்கு உதவியாளாக அவனைப் போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். என் சொல்லுக்கு அப்போது மதிப்பு இருக்கவில்லை.

வலது மணிக்கட்டு சரியாகவே இல்லை. திரும்பப் பூட்டிய புதுப் பம்போடு அந்த டிராக்டரை ஓட்ட அவருக்கு ஒரு கை போதுமாக இருந்தது. எனக்கு அதில் ஆறுதல் தேடும் உரிமை இல்லை. ஆனாலும் தேடினேன். தினமும் மத்தியானக் கொழுந்தை இறக்கியதும், எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும்போதே டிராக்டரைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். “பாத்துக்குங்க ஐயா” என்பார். நான் கேஜைப் பொருத்திப் பார்த்து, கோட்டில் நிற்கிறது என்பேன். அவரும் குனிந்து பார்ப்பார். தினமும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் இருந்த எத்தனையோ மத்தியானங்கள் அப்படிப் போயின. நான் அண்ணே என்றே கூப்பிட்டேன். அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். தம்பி என்ற சொல் மட்டும் திரும்பி வரவில்லை. அதை நான் கேட்டு வாங்க முடியுமா?

இரண்டு வருடம் கழித்து எனக்கு வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. என் பெட்டிகளை டிரெயிலரில் ஏற்றி, பஸ் வரும் தார் ரோடு வரைக்கும் அவர்தான் கொண்டுவந்து விட்டார். இறக்கி வைத்தார். புத்தகப் பெட்டியின் கயிறு தளர்ந்திருந்ததைப் பார்த்து, இடது கையாலும் பல்லாலும் இறுக்கிக் கட்டினார். மன்னித்துவிடுங்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“அது பெரட்டுலயே முடிஞ்சிருச்சுங்க. பாத்துப் போங்க ஐயா.”

டிராக்டரில் ஏறினார். அந்த இடத்தில் பாதை குறுகல். முன்னால் போய்ப் பின்னால் வந்து, வெற்று டிரெயிலரோடு, ஒரு விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியை மலைப் பக்கம் திருப்பினார். பஸ் வரும்வரை அந்த எஞ்சின் சத்தம் வளைவு வளைவாக மேலே ஏறுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மணி பத்துக்கு மேல் ஆகியிருந்தது.